காற்றுக்குழாயில் சுழல் வளையம் பொருத்தினால் மைலேஜ் கூடுமா?

நெடுஞ்சாலை:
என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார். ஏர் ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் (இன்ஜினுக்குள் போகும் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தகடு) இடையிலுள்ள குழாயில், வளைந்த தகடுகள் கொண்ட ஒரு வளையத்தைச் செருகினால், காற்று சீராகச் சுழன்று சென்று பெட்ரோலுடன் நன்றாகக் கலக்கும் என்றும், மைலேஜும் பிக்கப்பும் கூடும் என்றும் சொல்கிறார்கள். சுழற்சியால் பயன் உண்டு என்பதைக் கார் நிறுவனங்களே ஏற்றுள்ளன. ஹோண்டா தன் விடெக்-இ இன்ஜின்களில், குறைந்த வேகத்தில் ஒரு இன்டேக் வால்வை ஏறக்குறைய மூடியே வைத்துச் சுழற்சியை உண்டாக்கியது. அதே பலன் குறைந்த செலவில் கிடைக்குமானால் ஏன் பொருத்தக் கூடாது?

கணக்கன்:
நண்பரே, ஹோண்டா அந்தச் சுழற்சியை உண்டாக்கியது சிலிண்டரின் வாசலில். நீங்கள் சொல்லும் வளையம் இருப்பதோ வெகு தொலைவில். அங்கே எழும் சுழற்சி த்ராட்டில் தகட்டில் மோதி, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டில் விரிந்து, கிளைக்குழாய்களாகப் பிரிந்து, வால்வின் விளிம்பில் நெருக்குண்ட பிறகு மிஞ்சுவதில்லை. மேலும், இன்றைய பெரும்பாலான பெட்ரோல் கார்களில் எரிபொருள் வால்வுக்கு அருகிலோ சிலிண்டருக்குள்ளேயோதான் தெளிக்கப்படுகிறது. வளையம் இருக்கும் இடத்தில் கலப்பதற்குப் பெட்ரோலே கிடையாது.

'சீரான காற்று' என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் முழு த்ராட்டிலில் ஓடினால், நொடிக்கு அதிகபட்சம் 30 லிட்டர் காற்றை இழுக்கும். குழாயின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்று கொண்டால், காற்றின் வேகம் நொடிக்குப் பத்து மீட்டருக்குச் சற்று மேல். ஓட்டம் அமைதியானதா கொந்தளிப்பானதா என்பதைக் காட்டும் ரேனால்ட்ஸ் எண் அப்போது 40,000-ஐத் தாண்டுகிறது. குழாயில் ஓட்டம் அடுக்கடுக்காக அமைதியாகச் செல்வது அந்த எண் ஏறக்குறைய 2,300-க்குக் கீழே இருக்கும்போதுதான். எனவே எந்தத் தகடும் அதை அமைதிப்படுத்தாது. அந்த வேகத்தில் காற்றோட்டத்தின் இயங்கு அழுத்தம் (வேகத்தால் உண்டாகும் அழுத்தம்) முழுவதும் சேர்ந்தாலும் வளிமண்டல அழுத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் எதை மிச்சம் பிடிப்பது?

நெடுஞ்சாலை:
இதைப் பொருத்திய பின் மைலேஜ் கூடியதாக என் நண்பர்கள் உறுதியாகச் சொல்கிறார்களே?

கணக்கன்:
புதிய பொருளைப் பொருத்தியவர் மைலேஜைக் கவனித்தபடி ஓட்டுவார். கால் தானாகவே மென்மையாகிவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை எரிபொருள் மிச்சப்படுத்தும் என்று சொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட சாதனங்களை மதிப்பிட்டது; மிகச் சிலவற்றில் மட்டுமே, அதுவும் சிறிய அளவில்தான், பலன் தெரிந்தது. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அடைத்துப்போன ஏர் ஃபில்டர்கூட நவீன பெட்ரோல் கார்களின் மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை. குறைந்தது வேகமெடுக்கும் திறன்தான். மிதமான வேகத்தில் த்ராட்டிலே காற்றைத் தடுத்து நிறுத்துகிறது என்பதால், அதற்கு முன்னால் தடையைச் சற்றுக் கூட்டினாலும் குறைத்தாலும் மைலேஜ் அசைவதில்லை.

செந்தூரன்:
சுழல் வளையம் வீண் என்பதில் கணக்கனுடன் உடன்படுகிறேன். ஆனால் காற்றோட்டத்தைச் சீராக்கும் எல்லாப் பொருள்களையும் ஒரே தட்டில் வைப்பதை ஏற்க மாட்டேன். உள்ளே வரும் காற்றின் நிறையை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார் உள்ள பல கார்களில், அதன் வாயில் தேன்கூட்டு அமைப்பில் ஒரு வலையை நிறுவனமே வைத்திருக்கிறது. குழாய் வளைந்து வந்தால் வளைவின் வெளிப்புறம் காற்று வேகமாகவும் உட்புறம் மெதுவாகவும் ஓடும். சென்சார் நடுவிலுள்ள ஒரு சிறு பகுதியை மட்டுமே அளப்பதால், அந்த வலை இல்லாவிட்டால் அளவு தவறும். வேறு குழாயும் ஃபில்டரும் மாட்டியவர்களுக்கு இத்தகைய வலை தேவைதான்.

கணக்கன்:
அளவு தவறினாலும் புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சார் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் (எடையில்) என்ற கலவையை நோக்கித் திருத்திவிடுமே?

செந்தூரன்:
சாதாரண ஓட்டத்தில், ஓர் எல்லைக்குள் திருத்தும். ஆனால் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது பல கார்களில் கணினி அந்தத் திருத்தத்தை விட்டுவிட்டு, சென்சார் சொன்ன அளவை நம்பியே பெட்ரோலைத் தெளிக்கிறது. அளவு குறைவாகக் காட்டினால் கலவையில் பெட்ரோல் குறைந்து, இன்ஜின் தட்டத் (நாக்கிங்) தொடங்கலாம். பவர் கூடும் என்று நம்பி நிறுவனம் வைத்த வலையையே பிய்த்தெறிபவர்கள் இதைத்தான் வரவழைத்துக்கொள்கிறார்கள்.

கணக்கன்:
அப்படியானால் அந்த வலை பவரோ மைலேஜோ தரும் பொருள் அல்ல, அளவைக் காக்கும் பொருள் என்று சொல்லி விற்கட்டும்; எனக்கு மறுப்பில்லை. கம்பெனிக் குழாயை மாற்றாத நெடுஞ்சாலைக்கு இரண்டுமே வேண்டாம். அதிலும் அந்த வளையத்தின் மெல்லிய தகடு அதிர்வில் உடைந்தால், அது போய்ச் சேரும் இடம் த்ராட்டில்.