பிடி30 மெஷினுக்கு ஃபேஸ் மில்: 50 மி.மீ போதுமா, 63 வேணுமா?

குறிச்சி_ஜாப்ஒர்க்:
வணக்கம்ங்க. சின்ன விஎம்சி (கம்ப்யூட்டர்ல ஓடற மில்லிங் மெஷின்) ஒண்ணு எடுத்திருக்கேன். பிடி30 டேப்பர் (டூல் ஹோல்டர் உட்காரற கோன்), 10,000 ஆர்பிஎம், ஸ்பிண்டில் மோட்டார் 3.7 கிலோவாட். அந்த முழு பவர் 1500 ஆர்பிஎம்முக்கு மேலதான் வரும்னு மேனுவல்ல போட்டிருக்கு. இப்போ 16 மி.மீ எண்ட் மில் வச்சு ஃபேஸிங் (மேல் முகத்தைச் சமமா வெட்டறது) ஓட்டறேன், சைக்கிள் டைம் கட்டுப்படி ஆகல.

வேலை ரெண்டு வகை. ஒண்ணு 100க்கு 150 எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) பிளேட், ஹாட் ரோல்டு, ஒரு முகத்துக்கு 2 மி.மீ எடுக்கணும். இன்னொண்ணு பம்ப் ஃபிளாஞ்ச், சிஐ (வார்ப்பிரும்பு) காஸ்டிங், வெளி விட்டம் 120, நடுவுல 60 ஓட்டை. டூல் கடையில 80 மி.மீ ஃபேஸ் மில் கட்டர் எடுத்துக்கோங்க, எல்லாத்துக்கும் ஒரே கட்டரா ஆயிடும்ங்கறாங்க. எடுக்கலாமா?

அம்பத்தூர்_செட்டர்:
80 வேண்டவே வேண்டாம். கட்டர் பெருசானா ஆர்பிஎம் இறங்கும், அதுதான் விஷயமே. எம்எஸ்-க்கு நிமிஷத்துக்கு 180 மீட்டர் கட்டிங் ஸ்பீடு வச்சுப் பாருங்க. 80க்கு 716 ஆர்பிஎம், 63க்கு 909, 50க்கு 1146 வரும். உங்க மோட்டார் 1500க்குக் கீழ டார்க்கை அப்படியே வச்சுக்கும், பவரைத்தான் விடும். 3.7 கிலோவாட், 1500 ஆர்பிஎம்னா டார்க் சுமார் 23.5 நியூட்டன் மீட்டர். அப்போ 716 ஆர்பிஎம்ல உங்க கையில இருக்கறது 1.8 கிலோவாட்கூட இல்ல, காசு குடுத்து வாங்கின பவர்ல பாதிக்கும் கீழ. 50 போட்டா 2.8 கிலோவாட் கிடைக்கும்.

இன்னொண்ணும் பாருங்க. 50, 63 ரெண்டும் 40 மி.மீ உயரம். 80 கட்டர் 50 மி.மீ உயரம். ஸ்பிண்டில் மூக்குல இருந்து 10 மி.மீ கூடுதலா தொங்கும், எடையும் கூடும். ஏடிசி (தானா டூல் மாத்தற பகுதி) ஒரு டூலுக்கு எவ்வளவு எடை தாங்கும்னு மேனுவல்ல பார்த்துட்டு அப்புறம் கடைக்காரருக்குப் பதில் சொல்லுங்க.

50 மி.மீ, 4 டிப் (கட்டர்ல மாட்டற வெட்டுத் துண்டு). அதுக்கு மேல இந்த மெஷினுக்குத் தேவையில்ல.

டூல்ரூம்_63:
80 வேண்டாம்ங்கறது சரி. ஆனா 50லயே நிறுத்தணும்ங்கறதை ஒத்துக்க முடியாது. பாஸ் (கட்டர் ஒரு தடவை ஜாப்மேல ஓடறது) எண்ணிக்கையையும் சேர்த்துக் கணக்கு போடுங்க.

டிப்புக்கு 0.1 ஃபீடு வச்சா 50/4 டிப் கட்டர் நிமிஷத்துக்கு 458 மி.மீ ஓடும். 63/5 டிப் 455. ரெண்டும் ஒண்ணுதான். ஆனா அகலம் வேற. 50 கட்டர்ல பாஸுக்கு 35 மி.மீ எடுத்தா 100 மி.மீ பிளேட்டுக்கு 3 பாஸ். 63ல பாஸுக்கு 50 எடுத்தா 2 பாஸ். 150 நீளத்தோட கட்டர் உள்ள வந்து வெளிய போற தூரத்தையும் சேர்த்தா, 50க்கு 79 செகண்ட், 63க்கு 56 செகண்ட். ஜாப்ஒர்க்ல ஒரு முகத்துக்கு 23 செகண்ட் மிச்சம்னா அது சின்ன விஷயம் இல்ல. 80/6 டிப்புக்கும் ரெண்டு பாஸ்தான், ஆனா ஃபீடு 430க்கு இறங்கி 64 செகண்ட் ஆகுது. அதனாலதான் 80 வேண்டாம்ங்கறேன்.

பாஸ் குறைஞ்சா சேர்ற இடத்துல விழற கோடும் குறையும். கஸ்டமர் முதல்ல நகத்தை வச்சுத் தடவிப் பார்க்கறதே அந்தக் கோட்டைத்தான்.

அம்பத்தூர்_செட்டர்:
அந்த 56 செகண்ட் எத்தனை மி.மீ ஆழத்துக்கு, அதையும் சொல்லுங்க சார்.

டூல்ரூம்_63:
1 மி.மீ. பிடி30ல எம்எஸ் ஃபேஸிங்குக்கு நான் அதுக்கு மேல போறதில்ல.

அம்பத்தூர்_செட்டர்:
அவர் எடுக்கணும்ங்கறது 2 மி.மீ. அப்போ உங்க 63 ரெண்டு தடவை ஓடணும், 112 செகண்ட். 50 கட்டர் 2 மி.மீ ஒரே தடவையில எடுத்துட்டு 79 செகண்ட்ல வெளிய வந்துடும்.

டார்க்கையும் பாருங்க. எம்எஸ்-க்கு கட்டிங் ஃபோர்ஸ் ஒரு சதுர மி.மீ-க்கு 2000 நியூட்டன்னு வச்சுக்கலாம். 50 கட்டர், 2 மி.மீ ஆழம், 35 அகலம்: சுமார் 9 நியூட்டன் மீட்டர். 63 கட்டர், 1 மி.மீ ஆழம், 50 அகலம்: 8. ஸ்பிண்டிலுக்கு ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே சுமை. அதே சுமையில 50 நிமிஷத்துக்கு 32 கன செ.மீ மெட்டல் எடுக்குது, 63 எடுக்கறது 23.

டூல்ரூம்_63:
63லயும் 2 மி.மீ போகலாமே. 16 நியூட்டன் மீட்டர்தான் வருது. மெஷின்ல 23.5 இருக்கு. லோடு மீட்டர் 70 சதவீதம் காட்டும், அதுல என்ன தப்பு? மோட்டார் அதுக்குத்தானே.

அம்பத்தூர்_செட்டர்:
மோட்டார் தாங்கும். டேப்பர் தாங்கணுமே! பிடி30 கோனோட பெரிய பக்கம் 31.75 மி.மீ, பிடி40ல 44.45. அந்த 31.75க்குக் கீழ 63 மி.மீ கட்டரைத் தொங்கவிட்டு 2 மி.மீ ஆழத்துல அடிச்சா, லோடு மீட்டர் காட்டறது சராசரி மட்டும்தான். ஒவ்வொரு டிப்பும் உள்ள நுழையும்போது விழற அடி அதுல தெரியாது. அந்த அடி ஹோல்டரை டேப்பருக்குள்ள அசைக்கும். ஹோல்டரைக் கழட்டி கோன்ல பாருங்க, செம்பழுப்பா திட்டு திட்டா கறை இருக்கும். அந்தத் தேய்மானம் ஸ்பிண்டில் பக்கமும் இருக்கும்கறதை மறந்துடாதீங்க. ஸ்பிண்டில் டேப்பரை கிரைண்டிங் பண்ற செலவுல எத்தனை ஃபேஸ் மில் வாங்கலாம்!

ஓசூர்_அலுமினியம்:
நடுவுல வர்றேன். எங்களுக்கு முழுக்க அலுமினியம். 63தான் ஓடுது, பிடி30லதான். 500 மீட்டர் ஸ்பீடுல 2500 ஆர்பிஎம், ஸ்பிண்டில் முழு பவர்ல நிக்குது, சேட்டரே (வெட்டும்போது வர்ற அதிர்வு) கிடையாது. அதனால 63 பிடி30க்கு ஆகாதுன்னு பொதுவாச் சொல்லிடாதீங்க. எம்எஸ்-க்கு வேற, எங்களுக்கு வேற.

அம்பத்தூர்_செட்டர்:
ஒத்துக்கறேன். அலுமினியத்துக்கு 63 சரி. கேட்டவர் பிழைப்பு எம்எஸ்லயும் சிஐலயும் இருக்கு, நான் அவருக்குத்தான் சொல்றேன்.

டூல்ரூம்_63:
சிஐ-க்கு வருவோம். ஃபிளாஞ்ச் 120 விட்டம். 50 கட்டரை வச்சு நேரா ஓட்டினா நாலு பாஸ். காஸ்டிங் தோலுக்கு (மணல் ஒட்டின மேல்பரப்பு) மேல நாலு தடவை நுழைஞ்சு நாலு தடவை வெளிய வரணும், ஒவ்வொரு தடவையும் டிப் மூலை அடிவாங்கும். 63ல மூணு பாஸ்.

அம்பத்தூர்_செட்டர்:
ஏன் நேரா ஓட்டணும்? நடுவுல 60 ஓட்டை இருக்கே. வெட்ட வேண்டியது 30 மி.மீ அகல வளையம் மட்டும்தான். கட்டரை வட்டமா ஓட்டுங்க, 50 கட்டர் ஒரே சுத்துல முடிச்சிடும். நேர் பாஸ்ல பாதி நேரம் கட்டர் ஓட்டைக்கு மேல காத்துல சுத்தும், திரும்பவும் விளிம்புல மோதும். வட்டத்துல ஒரு தடவை வளைஞ்சு உள்ள போறோம், ஒரு தடவை வெளிய வர்றோம். கட்டர் சென்டர் வளையத்தோட நடுக்கோட்டுல சரியா நிக்காம, 4, 5 மி.மீ உள்பக்கமாத் தள்ளி வச்சுக்கோங்க. சென்டர் நடுவுல இருந்தா ஃபோர்ஸ் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி இழுக்கும், சின்ன மெஷின்ல சேட்டர் அங்கதான் ஆரம்பிக்கும்.

முதல் வெட்டு தோலுக்குக் கீழ போகணும். 0.3, 0.4ன்னு பயந்து தடவினா டிப் மணல்லயே தேயும்.

டூல்ரூம்_63:
வட்டமா ஓட்டறது நல்ல யோசனை. இந்த ஃபிளாஞ்சுக்கு 50 போதும்னு ஒத்துக்கறேன். ஆனா நாளைக்கே ஓட்டை இல்லாத கவர் பிளேட் வந்தா திரும்ப என் கணக்குக்குத்தான் வருவீங்க.

குறிச்சி_ஜாப்ஒர்க்:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. டிப் எது வாங்கறது? 90 டிகிரி (வெட்டு விளிம்பு முகத்தோட நிக்கற கோணம்) ஏபிஎம்டி 1604 டிப் எங்க கேட்டாலும் கிடைக்குது, விலையும் கம்மி. ஸ்டெப்பும் அடிச்சுக்கலாம்ல?

டூல்ரூம்_63:
இதுல நானும் செட்டரும் ஒரே கட்சியா இருப்போம்னு நினைக்கறேன். 45 டிகிரி எடுங்க, எஸ்இகேடி 1204 மாதிரி. ஒரு டிப்புக்கு 4 முனை, ஏபிஎம்டில ரெண்டுதான். 45ல சிப் மெலிசா வரும், அதனால டிப்புக்கு 0.14 ஃபீடு வச்சாக்கூட சிப் தடிமன் 0.1தான். அதைவிட முக்கியம் உங்க சிஐ. 90 டிகிரி கட்டர் வெளிய வர்ற இடத்துல காஸ்டிங் விளிம்பு பொரிஞ்சு விழும், பெயிண்ட் அடிச்சாலும் மறையாது. 45ல டிப் விளிம்பைச் சாய்வா விட்டு வெளிய வரும், பொரியறது ரொம்பக் குறையும்.

ஓசூர்_அலுமினியம்:
நான் 90 பக்கம்தான். 45 கட்டர் ஜாபைக் கீழ அழுத்தும். மெலிசான பிளேட்டா இருந்தா வெட்டும்போது குழிஞ்சு கொடுத்து, கிளாம்ப்பைத் தளர்த்தினதும் நிமிர்ந்துக்கும், ஃபிளாட்னஸ் போயிடும். தம்பி பிளேட் எவ்வளவு தடிமன்? 10க்குக் கீழன்னா 90 எடுங்க. கூடவே ஷோல்டரும் அடிச்சுக்கலாம்.

குறிச்சி_ஜாப்ஒர்க்:
25 மி.மீ அண்ணா.

அம்பத்தூர்_செட்டர்:
25ன்னா 45 டிகிரிதான். அந்த அழுத்தம் பிளேட்டை வைஸுக்குள்ள உட்கார வைக்கும், நமக்கு நல்லதுதான். ஷோல்டர் வேலைக்கு உங்க 16 எண்ட் மில் இருக்கு.

டிப் எண்ணிக்கையில மட்டும் ஆசைப்படாதீங்க. 50ல 5 டிப் போட்ட கட்டரும் விக்கறாங்க, ஃபீடு கூடும்னு சொல்லி விப்பாங்க. ஒரே நேரத்துல ரெண்டு டிப் மெட்டலுக்குள்ள நிக்கற நேரம் கூடும், சுமை ஏறும். சின்ன மெஷினுக்கு 4 போதும்.

டூல்ரூம்_63:
கட்டர் மாட்டறதுக்கு முன்னாடி ஸ்பிண்டில்ல டயல் கேஜ் கட்டி டேபிள்மேல ஒரு சுத்து சுத்திப் பாருங்க. 300 மி.மீ-க்கு 0.02 மி.மீ சாய்வு இருந்தா, 35 மி.மீ பாஸ்ல சேர்ற இடத்துல 2 மைக்ரானுக்கு மேல படி விழும், 50 மி.மீ பாஸ்ல 3 மைக்ரானுக்கு மேல. சின்ன கட்டருக்கு இது சாதகம்தான், மறுக்கல. ஆனா அந்தக் கோடு 50ல ரெண்டு, 63ல ஒண்ணே ஒண்ணு. என் ஓட்டு இன்னும் 63க்குத்தான்.

குறிச்சி_ஜாப்ஒர்க்:
சரிங்க. 50 மி.மீ, 4 டிப், 45 டிகிரி ஆர்டர் போடறேன். 2 மி.மீ ஒரே பாஸ்ல ஓட்டி லோடு மீட்டர் ரீடிங் இங்கயே போடறேன். ஆர்பர் (கட்டரை ஸ்பிண்டில்ல மாட்டற ஹோல்டர்) எது சொல்லணும்?

டூல்ரூம்_63:
பிடி30 எஃப்எம்பி22, 45 நீளம். அதைவிட நீளமா எதையும் வாங்காதீங்க. 50 கட்டருக்கு துளை 22. 63லயும் 22 துளை வருது, 27லயும் வருது, பின்னாடி வாங்கினா 22ன்னு கேட்டு வாங்குங்க. ஓட்டையில்லாத கவர் பிளேட் வர்ற அன்னிக்கு கட்டர் மட்டும் வாங்கினாப் போதும், ஆர்பர் இதே இருக்கட்டும்.