எஸ்பிரெஸோ புளிக்கிறது, ராத்திரி நெஞ்சு படபடக்கிறது: தப்பு மெஷினிலா, என்னிடமா?

புதுமெஷின்:
வணக்கம். கோவையில் இருக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன் வீட்டுக்கு ஓர் எஸ்பிரெஸோ மெஷின் வாங்கினேன். பெட்டியில் ‘15 பார்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இதுவரை உருப்படியாக ஒரு ஷாட் (ஒரு தடவைக்கு இறங்கும் சின்னக் கப் காபி) விழவில்லை.

முதல் வாரம் வீட்டில் இருந்த ஃபில்டர் காபித்தூளையே போட்டேன், 80க்கு 20 சிக்கரி. மெஷின் முக்கி முனகியது. கறுப்பாக நாலு சொட்டு விழுந்து அதுவும் நின்றுவிட்டது. சரி, சிக்கரிதான் வில்லன் என்று வழக்கமாகத் தூள் வாங்கும் கடையில் சிக்கரி கலக்காமல் பிளாண்டேஷன் ஏ என்கிற அராபிக்கா கொட்டையை அரைத்து வாங்கினேன். இப்போது தலைகீழ். குழாயைத் திறந்துவிட்டாற்போலக் கொட்டுகிறது, வாயில் வைத்தால் புளிப்பு. தூளைக் கூட்டினேன், குறைத்தேன், மூச்சைப் பிடித்து அழுத்தியும் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொன்று. பத்து நாளாக ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் இல்லை. படுத்தால் நெஞ்சு அடித்துக்கொள்வது காதில் கேட்கிறது. வயது 38, பிபி, சுகர் கிடையாது. மெஷினை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறாள் மனைவி. எஸ்பிரெஸோ நம் உடம்புக்கு ஆகாதா? ஃபில்டர் காபி இருபது வருடமாகக் குடிக்கிறேன், இப்படி ஆனதில்லை.

ஏற்காட்டு அடிவாரம்:
கொடுத்துவிடும் முன் நாலு விஷயம் சொல்லுங்கள். எத்தனை கிராம் தூள் போடுகிறீர்கள்? எத்தனை நொடியில் எவ்வளவு இறங்குகிறது? தூள் போடும் கூடையின் அடியில் நிறைய ஓட்டையா, ஒரே ஒரு பொட்டு ஓட்டையா? தூள் அரைத்து எத்தனை நாள் ஆகிறது?

15 பார் என்பது பம்ப் தரக்கூடிய உச்ச அழுத்தம். காபி இறங்க 9 பார் போதும். அந்த எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம்.

புதுமெஷின்:
கிராம் பார்த்ததே இல்லை, கூட வந்த ஸ்பூனால் இரண்டு. நீங்கள் கேட்ட பிறகு சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன்: ஒரு தடவை 14, அடுத்த தடவை 18. பதினோரு நொடியில் 60 கிராம் இறங்கிவிடுகிறது. பெட்டியில் இரண்டு கூடை இருந்தன. நிறைய ஓட்டை உள்ளதுதான் கடைகளில் இருப்பது மாதிரி என்று கேள்விப்பட்டு அதையே போடுகிறேன். தூள் அரைத்து இரண்டு வாரம்.

ஏற்காட்டு அடிவாரம்:
பிடிபட்டது. நிறைய ஓட்டை உள்ள கூடையில் தண்ணீரைத் தடுத்து நிறுத்த வேண்டியது தூள் மட்டும்தான். உங்கள் கடைக்காரர் ஃபில்டருக்கு அரைத்துத் தந்திருக்கிறார். விரலில் தேய்த்தால் மெல்லிய ரவை மாதிரி இருக்கும். எஸ்பிரெஸோவுக்கு மாவுக்கும் தூள் உப்புக்கும் நடுவில் இருக்க வேண்டும். தூள் பெரிதாக இருந்தால் தண்ணீர் சந்து கண்டுபிடித்து ஓடிவிடும். காபியிலிருந்து முதலில் கரைவது புளிப்பு. இனிப்பும் கசப்பும் மெதுவாகத்தான் வரும். பதினோரு நொடியில் அவை வெளியே வர நேரம் ஏது? நீங்கள் எவ்வளவு அழுத்தினாலும் தூள் சிறிதாகப் போவதில்லை.

சிக்கரி வேறு கதை. அது நனைந்தால் ஊறிப் பிசுபிசுக்கும். பித்தளை ஃபில்டரில் அது நல்ல குணம், தண்ணீரைப் பிடித்து நிறுத்தி டிகாக்‌ஷனைத் திக்காக்கும். மெஷினில் போட்டால் அடைப்பு. அப்படி அடைத்துக்கொண்டால் கைப்பிடியை உடனே கழற்றாதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும், கொதிநீரும் தூளும் முகத்தில் தெறிக்கும். இரண்டு நிமிடம் விட்டுக் கழற்றுங்கள். (சுவரில் இன்னும் கறை இருக்கிறது, எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

செலவில்லாத வழி: ஒற்றை ஓட்டைக் கூடையை மாட்டுங்கள். தடுக்கும் வேலையை அந்த ஓட்டை பார்த்துக்கொள்ளும், இருக்கிற தூளிலேயே குடிக்கிற மாதிரி வரும். மேலே நிற்கிற நுரை ஓட்டை வழியே பீய்ச்சி வருவதால் வருவது, அதைப் பார்த்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை.

சரியான வழி: கிரைண்டர். கையால் சுற்றுவதே போதும், எஸ்பிரெஸோவுக்கு அரைக்கும் என்று உறுதி செய்து வாங்குங்கள். 16 கிராம் உள்ளே, 32 கிராம் வெளியே, 25 முதல் 30 நொடி. எடையை மாற்றாமல் அரைப்பை மட்டும் மாற்றுங்கள். வேகமாக இறங்கினால் இன்னும் பொடியாக, சொட்டினால் கொஞ்சம் பெரிதாக. கொட்டை வறுத்து ஒரு வாரத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் இருக்கட்டும்.

மருந்துக்கடை அக்கா:
காபி பக்கம் அவர் பார்த்துக்கொள்வார். தம்பி, ஒரு நாளைக்கு எத்தனை ஷாட்? எத்தனை மணிக்கு?

புதுமெஷின்:
ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கும். ஐந்தாறு போட்டுப் பார்ப்பேன். காசு கொடுத்து வாங்கிய தூள், கொட்ட மனசு வராது, குடித்துவிடுவேன். காலையில் வழக்கமான இரண்டு ஃபில்டர் காபி தனி.

மருந்துக்கடை அக்கா:
நினைத்தேன்! கணக்குப் போடுவோம். அராபிக்காவில் எடைக்குச் சுமார் 1.2 சதவீதம் கஃபீன். 16 கிராம் தூளில் 190 மில்லிகிராம். கஃபீன் சீக்கிரம் கரைகிற சாமான், புளித்த ஷாட்டிலும் பாதிக்கு மேல் வந்துவிடும். ஒன்றுக்கு நூறு என்றே வைத்தாலும் ஐந்துக்கு ஐநூறு. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுக்கச் சேர்த்தே 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்னது. கர்ப்பிணிகளுக்கு 200தான். நீங்கள் அந்த 400-ஐ இரண்டு மணி நேரத்தில் தாண்டுகிறீர்கள்.

குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகச் சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் மாறும். ஒன்பது மணிக்கு 500 என்றால் ராத்திரி இரண்டுக்கு 250 பாக்கி. தூக்கம் எப்படி வரும்? ஃபில்டர் காபியில் சிக்கரிக்குக் கஃபீனே கிடையாது, தூளும் கம்மி, பாதிக்கு மேல் பால். அதனால்தான் இருபது வருடம் தெரியவில்லை.

சாயங்காலச் சோதனையை நிறுத்துங்கள். ஒரேயடியாகக் குறைத்தால் ஓரிரு நாள் தலை வலிக்கும், அது சரியாகிவிடும். ஒரு வாரம் கழித்தும் படபடப்பு இருந்தால் ஈசிஜி எடுத்துப் பாருங்கள். மார்பு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தால் வாரம் பத்து நாள் என்று காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும்.

ஏற்காட்டு அடிவாரம்:
ருசி பார்க்க முழுசாகக் குடிக்க வேண்டியதில்லை. காபியை ருசி பார்ப்பதே தொழிலாக இருப்பவர்கள் ஸ்பூனில் உறிஞ்சித் துப்பிவிடுவார்கள். சிங்க் பக்கத்தில் நின்று செய்யுங்கள்.

கறுப்பும் கசப்பும்:
காபியால் கேன்சர் வரும் என்று 1991-லேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. எதற்கு இந்த வம்பு?

மருந்துக்கடை அக்கா:
அதன் புற்றுநோய் ஆய்வு முகமை அப்போது ‘இருக்கலாம்’ என்றுதான் சொன்னது, அதுவும் சிறுநீர்ப்பை விஷயத்தில். 2016-இல் அந்தப் பட்டியலிலிருந்து காபியை எடுத்துவிட்டார்கள். அதே அறிக்கையில் 65 டிகிரிக்கு மேல் சூடாக எதைக் குடித்தாலும் உணவுக்குழாய்க்கு ஆபத்து இருக்கக்கூடும் என்றார்கள். ஆவி பறக்க ஊற்றிக்கொள்பவர்கள் அதைக் கவனியுங்கள்.

புதுமெஷின்:
அக்கா, இன்னொரு சந்தேகம். அம்மா தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். மெஷின் வந்ததிலிருந்து காலையில் அந்த மாத்திரையை என் காபியோடுதான் விழுங்குகிறார். பரவாயில்லையா?

மருந்துக்கடை அக்கா:
வேண்டாம். லெவோதைராக்ஸின் என்றால் வெறும் வயிற்றில் தண்ணீரோடு. காபி குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் கழித்து. எஸ்பிரெஸோவோடு விழுங்கினால் மாத்திரை குடலில் சரியாக ஏறுவதில்லை என்று 2008-இல் இத்தாலியிலேயே கண்டுபிடித்தார்கள். ஃபில்டர் காபிக்கும் இதே விதிதான். அடுத்த ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது காபியோடு சாப்பிட்டதை டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டோஸைக் கூட்டிவிடப் போகிறார்.

புதுமெஷின்:
பத்து நாள் கழித்து வருகிறேன். கை கிரைண்டர் வாங்கினேன். ஞாயிறு காலையில் மட்டும் சோதனை, துப்பத்தான் செய்தேன். ஏழாவது ஷாட்டில் 16க்கு 32, 27 நொடி. புளிப்பு போய்விட்டது, வெல்லப்பாகு மாதிரி ஒரு இனிப்பு கடைசியில் வருகிறது. தினமும் காலையில் ஒன்றோடு சரி. நாலாம் நாளிலிருந்து பதினொரு மணிக்கே தூங்கிவிடுகிறேன், படபடப்பு இல்லை. அம்மா மாத்திரைக்கு அலாரம் வைத்துவிட்டார். அந்த ஒரு மணி நேரமும் மெஷின் பக்கத்திலேயே நிற்கிறார் என்பது வேறு விஷயம்.

கடையில் அரைத்து வாங்கிய அந்தத் தூள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. என்ன செய்வது?

ஏற்காட்டு அடிவாரம்:
பித்தளை ஃபில்டரை இறக்குங்கள். அதற்காகத்தானே கடைக்காரர் அரைத்துத் தந்தார்.