கோமு கல்யாணம் – நம்ம வீட்டு ஆளுக மட்டும்

பேட்டை சித்தி: ஏளா இசக்கி, கோமு நகத்துல போடப்போற டிசைனைக் காட்டுதேன்னியே, எங்க?

இசக்கி: கட்டைவிரலே முடியல சித்தி. பச்சை மேல வெள்ளைப் புள்ளி. கோணிக்கிட்டே போகுது, அழிச்சழிச்சுப் போடுதேன் 😩

தென்காசி மதினி: அழிக்காத. மொதல்ல விழுந்ததுதான் இருக்கதுலயே சுத்தமா இருக்கும். பச்சை காஞ்ச மாதிரி தெரியும், உள்ள ஈரம் கிடக்கும். புது பாலிஷ் பட்டதும் இளகிரும். அதே இடத்துல திரும்ப இழுத்தா பச்சையும் சேந்து வழிச்சுக்கிட்டு வரும். ரிமூவர் தொட்டா குழியே விழுந்துரும்.

டவுன் பெரியப்பா: அல்வா எத்தனை கிலோ?

பேட்டை சித்தி: அத்தான், இங்க நகம் ஓடுது

டவுன் பெரியப்பா: ஓடட்டும். இருட்டுக்கடை சாயங்காலந்தான் தொறப்பாவ. வரிசையில நான் நிக்கமாட்டேன். போன கல்யாணத்துல நின்னவன் பேரைப் பத்திரிகையிலயே காணோம்.

பாளை அத்தை: ஆரம்பிச்சாச்சு 🙏

தென்காசி மதினி: இசக்கி, மொதல்ல ரிமூவர் பஞ்சால நகத்தைத் துடை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா பாலிஷ் உரிஞ்சுரும். அடியில பேஸ் கோட், அதான் நிறமில்லாத பாலிஷ், ஒண்ணு. பச்சை மெல்லிசா ரெண்டு தடவை, நடுவுல அஞ்சு நிமிஷம். கெட்டியாப் பூசினா குமிழ் வரும். பொறவு அரைமணி நேரம் சும்மா விடு. வெள்ளையை ஒரு பிளாஸ்டிக் மூடியில சொட்டு விட்டுக்கோ. ஹேர்பின் உருண்டை முனையால ஒவ்வொரு புள்ளிக்கும் புதுசாத் தொட்டு வை. ஒரே தொடல்ல நாலு வச்சா சிறுத்துக்கிட்டே போகும்.

இசக்கி: தள்ளி விழுந்துட்டா?

தென்காசி மதினி: விடு. எதிர்ப்பக்கமும் அதே அளவு தள்ளி ஒண்ணு வை, டிசைன் ஆயிரும். சதையில வழிஞ்சதை மட்டும் கடைசியில ரிமூவர் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால எடு. அழிச்சே தீரணும்னா வெள்ளைக்கு அக்ரிலிக் பெயிண்ட் வாங்கு. ஈரம் இருக்கும்போதே தண்ணி தொட்ட பட்ஸால துடைச்சா போயிரும், பச்சைக்கு ஒண்ணும் ஆகாது.

கோமு: கடைசியில மேல பளபளப்புக்கு டாப் கோட் போட்டா வெள்ளை ஈசிருதே மதினி

தென்காசி மதினி: புள்ளி நல்லாக் காயலை, பிரஷ்ஷையும் அழுத்துத. கால்மணி நேரம் விட்டு, பிரஷ்ல நெறைய எடுத்து, முடி நகத்துல படாம பாலிஷ் மட்டும் படுற மாதிரி ஒரே இழுப்பு. நுனி ஓரத்துலயும் ஒரு தடவு.

பாளை அத்தை: ஆச்சி மருதாணி என்னைக்குன்னு கேக்காவ

தென்காசி மதினி: மருதாணி முந்தி, நகம் மறுநாள். மருதாணிக்கு முன்ன நகத்துல கிளியர் கோட் ஒண்ணு அடிச்சிருங்க. நகத்துல சிவப்பு ஏறினா அழியாது, வளந்துதான் போகணும். மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர்தான் வளரும்.

பேட்டை சித்தி: அப்போ வியாழன் மருதாணி?

பாளை அத்தை: வியாழன் பந்தக்கால்லா?

பேட்டை சித்தி: புதன்?

கோமு: புதன் பிளவுஸ் வாங்கப் போகணும்

டவுன் பெரியப்பா: பத்து கிலோ சொல்லிருதேன். நிக்கதுக்கு யாரு?

பேட்டை சித்தி: மாப்ளைய அனுப்புங்க 😂

டவுன் பெரியப்பா: எந்த மாப்ள?