பொருள்: வர்க்கக் காரணியற்ற எண்ணுக்குச் சுருக்கமாக ஒரு சொல்

நண்பர்களே,
எண்கோட்பாட்டுப் பாடத்தின் தமிழாக்கத்தை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன். 22,30,92,870 என்ற எண்ணைப் பாருங்கள். 2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23 ஆகிய பகா எண்களின் பெருக்கற்பலன். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதனால் 1 தவிர, 4, 9, 25 என எந்த வர்க்க எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. வகுத்திகள் எத்தனை என்பதையும் உடனே சொல்லிவிடலாம்: ஒன்பது பகா எண்களில் ஒவ்வொன்றையும் சேர்க்கலாம், விடலாம், ஆக 512. இந்த எண்ணை 2-ஆல் பெருக்குங்கள், 4 உள்ளே வந்துவிடும், தன்மை போய்விடும்.

இவ்வகை எண்ணை 'வர்க்கக் காரணியற்ற எண்' என்று எழுதிவந்தேன். மோபியஸ் சார்புக்கு (வர்க்கக் காரணி உள்ள எண்ணுக்கு 0, மற்றவற்றுக்கு 1 அல்லது -1 தரும் சார்பு) வந்ததும் வரிக்கு வரி இதுவே வருகிறது. படிக்க முடியவில்லை.

மறு:
முடிவிலி இருக்கிறதே, அதே போல வர்க்கமிலி?

மறு:
> வர்க்கமிலி

வேண்டாம். 12 வர்க்க எண் அல்ல. மாணவர் அதையும் வர்க்கமிலி என்பார். ஆனால் 4 அதை வகுக்கிறது. தவிர, வர்க்கம் வடசொல். 'இரட்டாக் காரணி எண்' எனலாம். பகா எண்ணைப் போலவே இரட்டாவும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். நன்னூலார் பதத்தைப் பகுபதம், பகாப்பதம் என்று பிரித்தார். பகுதி, இடைநிலை, விகுதி என்று பிரிவது முன்னது. பிரித்தால் பொருள்படாதது பின்னது. பகா எண்ணை இதைவிட அழகாக விளக்க முடியுமா? அந்த வார்ப்பை விடக் கூடாது.

மறு:
ஐயா, இலக்கணம் சரி. ஆனால் நான் காட்டிய எண்ணே இரட்டைப்படை. இரட்டா என்றதும் ஒற்றைப்படை என்று எழுதிக்கொள்வார்கள்.

மறு:
அப்படியானால் 'மீளாக் காரணி எண்'?

மறு:
மீளா என்றால் தப்ப வழியில்லாதது என்றுதான் காதில் விழும். மீளாத் துயர், தேவாரத்து மீளா அடிமை எல்லாம் அப்படித்தான். மறுபடி வராதது என்ற பொருள் எடுபடாது.

மறு:
வகுப்பெடுப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். இது அரிய பண்பு அல்ல. எண்கள் பெருகப் பெருக, இவ்வகை எண்களின் பங்கு 6-ஐப் பையின் (π) வர்க்கத்தால் வகுத்தால் வருவதை நெருங்கும். ஏறக்குறைய 61 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்ட எண்களுக்கு வைக்கும் பெயர் வாயில் நுழைய வேண்டாமா? வர்க்கமூலம் படித்த பிள்ளைக்கு வர்க்கம் புதிதல்ல. '1 தவிர எந்த வர்க்க எண்ணாலும் வகுபடாதது' என்று வரையறுத்து, 12-ஐ அங்கேயே எதிர்க்காட்டாக வைத்துவிடுங்கள்.

மறு:
சரி, வர்க்கமிலியே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் மட்டும் நீண்ட வடிவம். நேரமில்லை.

மறு:
எனக்கு உடன்பாடில்லை, பதிவில் இருக்கட்டும். அடுத்த பாடத்தில் கன எண்ணால் வகுபடாத எண்கள் வரும். இதே வழியில் அதற்குக் கனமிலி என்பீர்கள். எடையற்றது என்றுதான் படிப்பார்கள்.