கியோஸ் தீவின் பிர்கி கிராமம்: போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. செப்டம்பரில் நானும் மனைவியும் கிரீஸ் போகிறோம். எல்லோரும் போகும் சாண்டோரினி வேண்டாம் என்று, துருக்கிக் கரைக்கு எதிரே இருக்கும் கியோஸ் தீவைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். அதன் தெற்கே உள்ள பிர்கி கிராமத்தில் வீட்டுச் சுவர் முழுக்கக் கோலம் போட்ட மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டங்கள்! கருமணல் சாந்து பூசி, மேலே சுண்ணாம்பு அடித்து, காய்வதற்குள் முள்கரண்டியால் சுரண்டி எடுப்பார்களாம்.

1346 முதல் 1566 வரை இத்தாலியின் ஜெனோவா நகரக்காரர்கள் ஆண்ட தீவு. கடற்கொள்ளையருக்குப் பயந்து வீடுகளை ஒட்டி ஒட்டிக் கட்டி, ஊரையே கோட்டையாக்கியிருக்கிறார்கள். எல்லாம் இங்குள்ள மரங்களில் வடியும் மணமான மஸ்தகிப் பிசினைக் காப்பதற்காகத்தான். யுனானி மருந்தில் சேரும் ரூமி மஸ்தகி என்றால் சிலருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, என் சந்தேகங்கள்: கார் இல்லாமல் கியோஸ் நகரிலிருந்து பிர்கிக்கும், தெற்கிலேயே இருக்கும் இன்னொரு கிராமமான மெஸ்டாவுக்கும் ஒரே நாளில் பஸ்ஸில் போய்வர முடியுமா? மரத்தடியில் வெள்ளை மண் பரப்பி, சொட்டி விழும் பிசினைப் பொறுக்குவதைச் செப்டம்பர் கடைசியிலும் பார்க்கலாமா? மஸ்தகி அருங்காட்சியகத்துக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்? அப்புறம், மனைவி சுத்த சைவம். அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்?