நீர்ப்பைக் கிருமிமுறி: ஒரு பரிந்துரை

வணக்கம். சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் நைட்ரோபியூரன்டாயின் போன்ற மருந்தைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று கேட்டிருந்தீர்கள். அதற்குச் ‘சிறுநீர்க் கிருமிநாசினி’ என்று நேற்று வந்த சொல்லை என் அக்காவிடம் சொல்லிப் பார்த்தேன். நீர்க்கடுப்புக்கு அதே மாத்திரையைத்தான் பலதுறை மருந்தகத்தில் வாங்கி வந்திருந்தார். (தமிழ்நாட்டு நண்பர்கள் மருந்துக்கடை என்று நினைக்க வேண்டாம், இங்கே சிங்கப்பூரில் பாலிகிளினிக்குக்கு அதுதான் பெயர்.) “தரை துடைக்கிறதையா குடிக்கச் சொன்னாங்க?” என்றார். கோவிட் சமயத்தில் எங்கள் புளோக் மின்தூக்கிக்குப் பக்கத்தில் வைத்திருந்த புட்டியும் கிருமிநாசினிதானே. ஆக, நாசினி வேண்டாம்.

ஆன்டிபயாடிக்குக்குச் சொல்லும் ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’யிலும் எனக்குச் சங்கடம் உண்டு. கிருமி மருந்துக்கு மசியாமல் போவதை ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்கிறோம். கடைசி எழுத்து மாறினால் கட்சியே மாறிவிடுகிறது! நச்சுமுறி என்பதைப் போலக் ‘கிருமிமுறி’ என்றால் இந்தக் குழப்பம் இல்லை.

சரி, முன்னால் என்ன சேர்ப்பது? ‘சிறுநீர்ப்பாதை’ என்றால் சிறுநீரகமும் அதில் அடங்கிவிடும். இந்த மருந்தோ இரத்தத்தில் அதிகம் தங்குவதில்லை. சிறுநீரகம் விரைவாக வடித்துவிடுவதால் சிறுநீரில்தான் செறிவு ஏறுகிறது. அங்கே கிருமியின் சொந்த நொதியே மருந்தை உருமாற்றுகிறது. உருமாறிய பொருள் அந்தக் கிருமியின் டிஎன்ஏவையும், புரதம் செய்யும் ரைபோசோமையும் தாக்குகிறது. யானை தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். ஆனால் சிறுநீரகத் திசுவில் போதுமான அளவு சேராது. காய்ச்சலும் விலாவலியுமாகத் தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் இதைக் கொடுப்பதில்லை. அதனால் ‘நீர்ப்பைக் கிருமிமுறி’ என்பதே என் பரிந்துரை. இதற்கு மாறாக, பெண்ணுறுப்புத் தொற்றுக்குத் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரை உடல் முழுக்கப் பரவுவது. அதைக் கிருமிமுறி என்றாலே போதும்.

மருந்து உறைக்கு வாசகமும் கேட்டிருந்தீர்கள்: ‘சாப்பாட்டோடு போடவும். சிறுநீர் பழுப்பாகலாம், பயம் வேண்டாம்.’ அக்கா முதல் நாள் பயந்ததே அந்த நிறத்தைப் பார்த்துத்தான்.

இன்னொரு வரியும் வேண்டும், அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்கு இந்த மருந்து ஆகாது, சிவப்பணு சிதையும். சிங்கப்பூரில் 1965 முதலே பிறந்த குழந்தைகளுக்கு அந்தச் சோதனை நடக்கிறது. ஆனால் இந்தக் குறைபாட்டுக்கு இன்றுவரை வாயில் நுழைகிற தமிழ்ப்பெயர் என் கண்ணில் படவில்லை. ‘சிவப்பணு காக்கும் நொதிக்குறை’ என்று எழுதிப் பார்த்தேன். உறையில் இடம் பற்றவில்லை. யாராவது சுருக்கித் தாருங்களேன்.