மர எண்ணெய் கெட்டியாகிவிடுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். சீமைக்கருவேல மரத்தூளை வைத்துச் சின்ன அளவில் பைராலிசிஸ் (காற்றில்லாமல் சூடாக்கிச் சிதைப்பது) செய்து பார்க்கிறேன். ராமநாதபுரம் பக்கம் கரிமூட்டத்தில் புகையாய்ப் போவதைக் குளிரவைத்துப் பிடித்தால் என்ன என்ற ஆசைதான். காற்றுப் புகாத உலை, 500 டிகிரி, ஆவி 2 விநாடிக்குள் குளிர்ந்துவிடுகிறது. எண்ணெய் நன்றாகவே வருகிறது. சிக்கல் அதற்கு அப்புறம்தான்.

வந்த அன்று டிகாக்‌ஷன் மாதிரி ஓடும். ஆறு வாரம் கழித்துக் கேனைச் சாய்த்தால், அடியில் வெல்லப்பாகு போல ஒன்று அசையாமல் கிடக்கிறது. மேலே புகைநாற்றத்தோடு புளித்த தண்ணீர். பிஎச் தாள் 3க்குக் கீழே காட்டுகிறது. சாதா இரும்பு வால்வு ஒன்றை ஏற்கெனவே தின்றுவிட்டது.

காரணம் ஓரளவு புரிகிறது. எண்ணெயில் ஆக்சிஜன் மிக அதிகம். அதிலுள்ள ஆல்டிஹைடு, ஃபீனால் என்ற சேர்மங்கள் ஒன்றோடொன்று கோத்துப் பெரிய மூலக்கூறுகளாகிக்கொண்டே போகின்றன. கூட வரும் கரித்தூளில் இருக்கும் பொட்டாசியம் அதைத் தூண்டிவிடுகிறது. சைக்ளோன் (ஆவியைச் சுழலவிட்டுத் தூளைப் பிரிக்கும் கருவி) வைத்தும் நுண்தூள் தப்பிவிடுகிறது.

அரை லிட்டரில் 10 சதவீதம் மெத்தனால் கலந்து, நாள்பட்டால் கெட்டியாகுமா என்று சீக்கிரம் தெரிந்துகொள்ள 80 டிகிரியில் 24 மணி நேரம் வைத்தேன். இன்னும் ஓடுகிறது! ஆனால் மெத்தனால் நஞ்சு, வாங்க உரிமமும் வேண்டும். எத்தனாலில் யாராவது செய்தீர்களா? ஆவி சூடாக இருக்கும்போதே வடிகட்டியவர்கள், அடைப்பை எப்படிச் சமாளித்தீர்கள்? பொட்டாசியத்தைக் குறைக்க மரத்தூளை முன்பே தண்ணீரில் அலசினால் பலன் உண்டா?

டீசலில் கலக்கச் சொல்லாதீர்கள், அது தனியே பிரிந்து நிற்கும். எனக்குப் பாய்லர் பர்னரில் எரிந்தால் போதும்.